பிணம் தும்மிய காட்சி

அத்தியாயம் 11

இன்ஸ்பெக்டர் சுராசக் என் தங்கச்சி மாலியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினார். பிறகு கண்ணைத் திறந்து, கொலைகாரி இவள்தான் என்று அறிவித்தார்.

இந்த வித்தையை அவருக்கு எந்தப் போலீஸ் பயிற்சிப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. புதன், வியாழன் எட்டரை மணிக்கு வரும் ‘நெற்றிக்கு உள்ளே’ தொடர்தான் சொல்லித் தந்தது. அதில் டாக்டர் தீவா என்கிற மனோதத்துவ நிபுணர் சந்தேகத்துக்குரிய ஆளின் நெற்றியைத் தொடுவார். பின்னணியில் வயலின் அழும். விளம்பரம் வருவதற்குள் கொலைகாரன் ஒப்புக்கொள்வான். இந்தத் தொடர் வந்த பதினோரு வருஷத்தில் பாங்காக்கில் பாதிப் பேர் காய்ச்சல் பார்ப்பதற்குக்கூட அடுத்தவரைத் தங்கள் நெற்றியைத் தொட விடுவதில்லை.

இங்கே வயலின் இல்லாததால் மாலி ஒப்புக்கொள்ளவில்லை. அழுதாள்.

நிஜமான மனோதத்துவ நிபுணர் என் பக்கத்தில் உட்கார்ந்து சுட்ட வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஒராபின். ஐம்பத்தெட்டு வயது, நாலே முக்கால் அடி உயரம். அந்தத் தொடருக்கு ஆலோசகர் அவர்தான். கடைசியில் பெயர்கள் ஓடும்போது, விக் கொடுத்தவருக்கும் செருப்புக் கொடுத்தவருக்கும் நடுவில் அரை வினாடி வருவார். மனோதத்துவ நிபுணர்கள் யார் நெற்றியையும் தொடுவதில்லை என்று பதினோரு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். விளம்பரதாரருக்கு அந்தத் தொடல் பிடித்திருக்கிறது என்று பதினோரு வருஷமாகப் பதில் வருகிறது.

நான் கொப். மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன். டாக்டர் ஒருநாள் என் வண்டியில் ஏறினார், அப்புறம் இறங்கவே இல்லை. அவர் கொலைகளைக் கண்டுபிடிப்பார், நான் வண்டி நிறுத்த இடம் கண்டுபிடிப்பேன். ஆறு வருஷமாக இந்த ஏற்பாடு சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்று மதியம் வரை எந்தக் கொலையும் என் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

மாலி அந்தத் தொடர் எடுக்கிற ஸ்டூடியோவில் சமையற்காரி. நேற்று இரண்டு மணி பதினெட்டு நிமிடத்துக்கு, தயாரிப்பாளர் பிரமோத் கேட்ட ஐஸ் காபியை மாடியறைக்குக் கொண்டுபோனாள். அவர் மண்டை உடைந்து மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். தரையில் ஒரு வெண்கலச் சிலை. ‘சிறந்த வசனகர்த்தா’ என்று போன மாதம்தான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே அலறியிருப்பார்கள். மாலி சிலையை எடுத்து, நன்றாகத் துடைத்து, அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் அலறினாள். தரையில் எது கிடந்தாலும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பொறுக்காது. இப்போது சிலையில் இருப்பது அவள் கைரேகை மட்டும்தான்.

மற்ற நாற்பத்தொரு பேருக்கும் சாட்சி கெட்டியாக இருந்தது. இரண்டு ஏழுக்குப் படப்பிடிப்பு தொடங்கியதென்று சிவப்பு விளக்கு எரிந்தது, அரங்கத்தின் கதவை உள்ளே தாழ் போட்டார்கள், இரண்டு பதினாறுக்குத்தான் திறந்தார்கள். இரண்டு ஐந்துக்கு பிரமோத் காபி கேட்டுப் போன் செய்திருக்கிறார். ஆக, அந்த நேரத்தில் வெளியே இருந்த ஒரே ஜீவன் சமையல் கொட்டகையில் இருந்த என் தங்கச்சி. அதற்கு முந்தின நாள் சூப்பில் தலைமுடி கிடந்ததென்று பிரமோத் அவளைத் திட்டியதும் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருந்தது. காரணமும் கிடைத்துவிட்டது, ரேகையும் கிடைத்துவிட்டது, நெற்றியும் தொட்டாயிற்று. மூன்று மணிக்குக் கோர்ட் வண்டி வரும் என்றார்.

இப்போது மணி பதினொன்று. எனக்குப் பயமாக இருந்தது. பயந்தால் எனக்கு வாய் நீளும். என் நெற்றியையும் தொட்டுப் பாருங்கள், வண்டிக்குக் கட்டாத அபராதம் ஏதாவது தெரியலாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் கையை ஓங்கினார், நெற்றிக்கு அல்ல.

டாக்டர் பழத்தோலைக் கவனமாக மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு மாலியிடம் திரும்பினார்.

“நேத்து மதியம் என்ன சமைச்சே?”

“துளசி போட்டு வதக்கின பன்னிக்கறி, சோறு. மேல ஒரு முட்டை. நாப்பத்திரண்டு தட்டு டாக்டர்.”

“எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்களா?”

“பக்கோர்ன் சார் மட்டும் தட்டை எடுத்துகிட்டு அடுப்புக்குப் பின்னால போயிட்டாரு. மூணு மாசமா அப்படித்தான். கண்ணை மூடிகிட்டு முணுமுணுன்னு ஏதோ சொல்லிட்டே இருப்பாரு. முட்டைக்கு மந்திரம் சொல்றாருன்னு நினைச்சேன்.”

பக்கோர்ன்தான் டாக்டர் தீவாவாக நடிப்பவன். பெயரைக் கேட்டதும் இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. நேற்று அவனிடம் வாக்குமூலம் வாங்கியபோது எடுத்த படத்தைப் போனில் காட்டினார். இருவரும் ஒருவர் நெற்றியை ஒருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள்.

“கொப், வண்டியை எடு” என்றார் டாக்டர்.

* * *

ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையில் குளிர் நடுக்கியது. எடிட்டர் கம்பளிக் குல்லா போட்டிருந்தார். கொலை நடந்த நேரத்தில் எடுத்த காட்சியைப் போடச் சொன்னார் டாக்டர்.

ஒவ்வொரு கதையின் முடிவிலும் வருகிற அதே காட்சிதான். நடுக்கூடத்தில் பிணம். சுற்றிலும் வாய் பேசாத ஏழு துணை நடிகர்கள். நடுவில் பக்கோர்ன் நின்று, எவன் கொன்றான், எப்படிக் கொன்றான், அவன் ஆழ்மனதில் என்ன இருந்தது என்று ஒன்பது நிமிடம் தனியாகப் பேசித் தள்ளுவான்.

பேசித் தள்ளுவான் என்று நான் சொல்வது மரியாதைக்காக. எங்கள் ஊர்த் தொடர்களில் நடிகர்களுக்கு வசனம் மனப்பாடம் கிடையாது. காதில் சின்ன இயர்போன் இருக்கும். அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பலகைக் கூண்டில் ஒருவர் உட்கார்ந்து, டிவியில் காட்சியைப் பார்த்தபடி வசனத்தை வரிவரியாக எடுத்துக்கொடுப்பார். காதில் விழுவதை நடிகர் வாய் சொல்லும். இப்போதெல்லாம் இளம் நடிகர்கள் படித்துக்கொண்டே வந்துவிடுகிறார்கள். பக்கோர்ன் அப்படியில்லை. பதினோரு வருஷத்தில் அவன் ஒரு வரி படித்ததில்லை. ஒருமுறை மேடையில் இயர்போன் கெட்டுப்போய், “எல்லாருக்கும் வணக்கம்” என்பதற்கு நாற்பது வினாடி எடுத்துக்கொண்டான்.

கூண்டில் இருப்பவர் சொம்ஜித் அக்கா. இருபத்தாறு வருஷமாக இதே வேலை. எடுத்துக்கொடுப்பது மட்டுமில்லை, டாக்டர் தீவா பேசுகிற ஒவ்வொரு வரியையும் எழுதுவதும் அவர்தான் என்பது ஸ்டூடியோவில் பூனைக்குக்கூடத் தெரியும். திரையில் பிரமோத் பெயர் வரும், சிலையும் பிரமோத்துக்கு வரும்.

அந்தக் கூண்டுக்குப் பின்கதவு உண்டு. அதைத் திறந்தால் நேரே மாடிப்படி. இதை இன்ஸ்பெக்டர்கூடப் பார்த்திருந்தார். ஆனால் பக்கோர்ன் ஒன்பது நிமிடமும் பேசினான் என்றால் ஒன்பது நிமிடமும் சொம்ஜித் அக்கா கூண்டில்தானே இருந்திருக்க வேண்டும். ஒருத்தருக்கு இதைவிடப் பலமான சாட்சியைச் சட்டப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. பக்கோர்னின் மூளைதான் அக்காவுக்குச் சாட்சி.

எடிட்டர் காட்சியை ஓடவிட்டார். நான் வாயைப் பிளந்தேன். வழக்கமாகப் பக்கோர்ன் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அரை வினாடி நின்று, மேலே எங்கோ பார்ப்பான். அதைத்தான் ரசிகைகள் ஆழ்ந்த சிந்தனை என்று சொல்வார்கள். நேற்று அவன் எங்கும் நிற்கவில்லை. எதிரில் நிற்பவர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசினான்.

ஐந்தாவது நிமிடத்தில் பிணம் தும்மியது.

பிணமாகப் படுத்திருந்த ஆள் குளிரில் அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் சத்தமாகத் தும்மிவிட்டான். வேறு நாளாக இருந்தால் பக்கோர்ன் மரம்போல நின்றிருப்பான். நேற்று சட்டென்று பிணத்தின் பக்கம் குனிந்து, “பயப்படாதே, உன்னைப் பத்திதான் பேசிட்டிருக்கேன்” என்று அதன் தோளைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். யாரோ நம்மைப் பற்றிப் பேசினால் தும்மல் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கேமராவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. டைரக்டருக்கு அந்த வரி பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றாராம். அதைப் பற்றிப் பேசிச் சிரிக்க யாருக்கும் நேரமில்லை. காட்சி முடிந்த இரண்டு நிமிடத்தில் மாலி அலறிவிட்டாள்.

டாக்டர் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த வசனத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொம்ஜித் அக்காவின் குண்டுக் கையெழுத்து. அதில் ஏழு இடங்களில் ‘குளிர்பானம்’ என்பதை அடித்து ‘மீன் சாஸ்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

எடிட்டர் விளக்கினார். கதைப்படி விஷம் குளிர்பானத்தில் கலந்திருந்தது. விளம்பரதாரர் விற்பதே குளிர்பானம். நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்குப் போன் போட்டுக் கத்தியதில், விஷம் மீன் சாஸுக்கு மாறிவிட்டது.

“பக்கோர்ன் ஏழு தடவையும் குளிர்பானம்னே சொல்றானே” என்றார் டாக்டர்.

எடிட்டர் திரும்பப் போட்டுப் பார்த்தார். குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பக்கோர்ன் தடங்கலில்லாமல் பேசிய அதிர்ச்சியில் யாருமே வார்த்தையைக் கவனிக்கவில்லை என்றார்.

“இந்தத் திருத்தத்தை அவன்கிட்ட யாரு சொன்னது?”

“அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும் டாக்டர்? அவன் என்ன படிக்கவா போறான்? திருத்தம் நேரா அக்காவுக்குத்தான் போகும். அவங்க காதுல சொன்னா இவன் வாயில வரப்போவுது.”

இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் முதல் எல்லோரும் மனப்பாடம் செய்துதான் வரவேண்டும், கூண்டை உடைத்துவிடப் போகிறேன் என்று பிரமோத் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பக்கோர்னை வைத்துக்கொண்டா என்று எல்லோரும் சிரித்தார்களாம். சொம்ஜித் அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம்.

* * *

பக்கோர்ன் ஸ்டூடியோ வாசலில் காவல் தெய்வத்துக்குக் கட்டியிருந்த பொம்மை வீடு மாதிரியான சாமி வீட்டுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். பிரமோத்தின் ஆத்மாவுக்காக ஊதுபத்தி ஏற்றி, சிவப்புக் குளிர்பானப் புட்டி ஒன்றைத் திறந்து, உறிஞ்சு குழாய் போட்டு வைத்திருந்தான். நேரில் பார்த்தால் இன்னும் அழகாக இருந்தான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசவேறு தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

டாக்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் குளிர்பான விஷயத்தைக் கேட்டார். காதில் சரியாக விழவில்லை என்றான். ஏழு தடவையுமா என்று கேட்டதற்கு, ஏழு தடவையும் என்றான்.

“அக்கா குரல் மொதல் வரிலேர்ந்து காதுல இருந்துச்சு டாக்டர். அவங்க இல்லாம எனக்கு ஏது வாய்? ஊருக்கே தெரியுமே.”

“அந்தத் தும்மல் வரி ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா.”

அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பதினோரு வருஷமாக அந்த முகத்தைச் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மறுநொடியே அதை மறைத்துக்கொண்டான்.

“அதுவும் அக்காதான். டக்குனு எடுத்துக்குடுத்தாங்க.”

மூன்று மணிக்கு என் தங்கச்சியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நான் சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, அது எனக்கே பிடிக்கவில்லை. அவன் நிஜமாகவே வருந்தினான். நல்ல வக்கீலாக வைக்கலாம், தானே பார்த்துக்கொள்கிறேன் என்று என் கையைப் பிடித்தான். அக்கா விஷயத்தில் மட்டும் ஒரு அங்குலமும் நகரவில்லை.

வண்டியில் ஏறியதும் கேஸை முடித்துவிட்டேன். இரண்டு பேரும் கூட்டு, இவன் மனப்பாடம் செய்து ஒப்பித்தான், அந்தம்மா அந்த நேரத்தில் மாடிக்குப் போய் வேலையை முடித்தார், இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே தள்ளலாம் என்றேன்.

“கூட்டாளியா இருந்தா மீன் சாஸ்னு சரியாச் சொல்லியிருப்பான்டா” என்றார் டாக்டர். “பன்னண்டு மணித் திருத்தத்தை அந்தம்மா மொதல்ல அவன்கிட்டதானே சொல்லியிருப்பாங்க?”

நான் சிவப்பு விளக்கில் நின்றேன். அப்படியென்றால் எதற்காகப் பொய் சொல்கிறான் என்று கேட்டேன். அவன் தானாகப் பேசக் கற்றுக்கொண்டான் என்று வெளியே தெரிந்தால் அக்காவின் வேலை போய்விடும், அதற்காகத்தான் என்றார். அந்தப் பொய்க்கும் கொலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லையாம்.

“அப்ப எப்படி நிரூபிக்கிறது?”

“நாம நிரூபிக்க வேணாம். அந்தம்மாவுக்குப் படம் காட்டுவோம்.”

* * *

பக்கோர்னும் வருகிறான் என்று சொன்னதால் இன்ஸ்பெக்டர் பத்தே நிமிடத்தில் எடிட்டிங் அறைக்கு வந்துவிட்டார். மீசைக்கு எண்ணெய்கூட வைத்திருந்தார். மணி இரண்டு இருபது. டாக்டரின் ஏற்பாடு சாதுவாக இருந்தது. இந்தக் காட்சி பிரமோத்தின் கடைசிக் காட்சி, இதை ஒளிபரப்பலாமா என்று ஆலோசகர் என்ற முறையில் தான் கையெழுத்துப் போட வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்றார்.

சொம்ஜித் அக்கா கடைசியாக வந்தார். ஒல்லியாக, நரைத்த முடியைப் பென்சில் வைத்துச் சொருகியிருந்தார். ராத்திரி தூங்கியவராகத் தெரியவில்லை. பக்கோர்ன் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டான். மாலியை நினைத்து அந்தம்மாவை வெறுக்க முயன்றுகொண்டிருந்தேன். அவர் என்னிடம், தங்கச்சி ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டார்.

காட்சி ஓடியது. திரையைப் பார்க்காதே, அவர் உதட்டைப் பார் என்று டாக்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். பார்த்தேன். அக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. திரையில் பக்கோர்ன் ஒரு வரியைத் தொடங்குவதற்கு முன்பே அந்த வரி அவர் உதட்டில் முடிந்துகொண்டிருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். அவர் நினைத்தாலும் நிறுத்தியிருக்க முடியாது.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம். குளிர்பானம் என்று வந்த இடங்களில் மட்டும் அவர் புருவம் சுளித்தது. பிணம் தும்மியது. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். திரையில் பக்கோர்ன் குனிந்து அந்த வரியைச் சொன்னான்.

அக்காவின் உதடு நின்றது. முன்னால் சாய்ந்தார். எடிட்டரின் தோளைத் தொட்டு, திரும்பப் போடச் சொன்னார். திரும்பப் போட்டார்கள்.

“நல்ல வரி” என்றார். “யாரு எழுதினது?”

டாக்டர் ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

“நீங்கதான் காதுல எடுத்துக்குடுத்தீங்கன்னு பக்கோர்ன் சொன்னான் அக்கா. அப்ப நீங்க கூண்டுல இல்லையா?”

சொம்ஜித் அக்கா திரும்பிப் பக்கோர்னைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு டாக்டர் நடந்ததைச் சொன்னார். அதில் யாருடைய நெற்றியும் வரவில்லை. நேற்று அக்கா வழக்கம்போல எடுத்துக்கொடுக்கத் தொடங்கினார். முதல் வரியை அவர் முடிப்பதற்குள் பக்கோர்ன் சொல்லிவிட்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வரியை அவர் சொல்லவே இல்லை, அவன் சொன்னான். மீன் சாஸ் என்று அவர் கத்தியும் குளிர்பானம் என்றான். அவன் காதில் தன் குரல் இல்லை என்பது அப்போது புரிந்தது. பிரமோத் சொன்ன மனப்பாடப் பேச்சு விளையாட்டில்லை என்பதும் புரிந்தது. அவர் எழுதிய வரிகளுக்குச் சிலை வாங்கிக்கொண்ட ஆள், கடைசியில் அவர் குரலையும் வேண்டாம் என்கிறான். பின்கதவைத் திறந்து மாடிக்குப் போனார். கொல்லப் போயிருக்க மாட்டார், கேட்கத்தான் போயிருப்பார். பிரமோத் என்ன பதில் சொன்னார் என்பது தனக்குத் தெரியாது, ஆனால் கை நீட்டிய இடத்தில் அந்தச் சிலை இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். பென்சிலை எடுத்து முடியைத் திரும்பச் சொருகிக்கொண்டார்.

“கதை நல்லா இருக்கு டாக்டர். ஒரே ஒரு ஓட்டை. ஒம்பது நிமிஷம் இவன் தனியாப் பேசினான்னு கோர்ட்ல போய்ச் சொல்லிப் பாருங்க. இவன் அம்மா பேரைக் கேட்டாகூட நான்தான் எடுத்துக்குடுக்கணும். தும்மலை நான் ராத்திரி மறந்திருப்பேன், அதுல என்ன?”

இன்ஸ்பெக்டர் உடனே ஆமாம் போட்டார். அறிவுள்ள யாரும் நம்ப மாட்டார்கள், பக்கோர்ன் சார் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். எடிட்டரும் தலையாட்டினார். மணி இரண்டு நாற்பது. அறையில் எல்லோரும் அவனை மக்கு என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கையில் என் தங்கச்சி ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். “மூணு மணிக்கு மாலியை வண்டியில ஏத்திடுவாங்க. மூணு மாசமா உனக்குச் சோறு போட்டு, நீ முட்டைகிட்ட பேசினதை யார்கிட்டயும் சொல்லாம இருந்தவ. நேத்து உன் காதுல யாரு இருந்தாங்க?”

பக்கோர்ன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அரை வினாடி போனது, ஐந்து வினாடி போனது. பழக்க தோஷத்தில் அவன் கண் அக்காவிடம் போனது.

அக்கா எடுத்துக்கொடுத்தார். குரல் உயரவில்லை, கெஞ்சவில்லை, தினமும் சொல்கிற அதே குரல்.

“அக்கா குரல் கேட்டுச்சு. மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும்.”

“அக்கா குரல்…” என்றான் பக்கோர்ன்.

நின்றுவிட்டான். கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழிந்தது. திரையில் அவனை நூறு தடவை அழவைத்திருக்கிறார்கள், எல்லாம் கிளிசரின். அக்கா மறுபடி அந்த வரியை முதலிலிருந்து சொன்னார். அவன் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே, இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினான்.

“இயர்போனைக் கழட்டி சட்டைப்பையில போட்டுகிட்டேன் சார். மூணு மாசம் படிச்சேன். ஒரு தடவை நானாப் பேசிப் பாக்கணும்னு ஆசை. அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்கன்னு சொல்லல. தும்மல் வரி நான் சொன்னது. நேத்து என் காதுல யாரும் இல்ல.”

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, அந்தச் சமையல்காரப் பெண்ணை வண்டியில் ஏற்றாதே, உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடு என்று ஸ்டேஷனுக்குச் சொன்னார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

சொம்ஜித் அக்கா எழுந்தார். அவசரமில்லாமல் இன்ஸ்பெக்டரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினார். பக்கோர்ன் வழியை மறித்து நின்றுகொண்டு, சின்னப் பிள்ளையைப் போலத் தேம்பினான். அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

“நடுவுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டே” என்றார். “கடைசி வரி நல்லா வந்துச்சு.”